விண்மீனிலிருந்து இதயம் வரை

நுழையும்முன்

தொடர்வண்டி நிலையத்தின் நடைமேடையில் நின்றிருக்கும்போது, அங்கு நில்லாமல் விரைந்து செல்லும் வண்டியின் ஊதலைக் கேட்டிருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்போது கூர்மையாக ஒலிக்கும் அவ்வூதல், நம்மைக் கடந்த நொடியிலேயே தாழ்ந்து கனத்துவிடுகிறது. வண்டியை ஓட்டுபவர் ஊதலை மாற்றவில்லை. வண்டிக்குள் அமர்ந்திருப்போர் எவ்வித வேறுபாட்டையும் உணர்வதில்லை. எனினும், வெளியே நிற்பவர் செவிக்கு ஒலி மாறிக் கேட்கிறது. இவ்வியப்பிற்குக் காரணம் கண்டு, அதனைக் கணக்கிட்டுக் காட்டியவர் கிறிஸ்டியன் டாப்ளர். இன்று மருத்துவர்கள் இதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் ஓடும் இரத்தத்தைக் கத்தியின்றி, ஊசியின்றி அளப்பதற்கு அவர் கண்ட உண்மையே அடிப்படை. அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

கல்தச்சர் வீட்டுப் பிள்ளை

ஆஸ்திரிய நாட்டில் சால்சாக் ஆற்றின் கரையில் அமைந்த அழகிய நகரம் சால்ஸ்பர்க். இசைமேதை மோட்சார்ட் பிறந்த ஊர் என்னும் பெருமை அதற்கு உண்டு. மோட்சார்ட்டின் குடும்பம் வாழ்ந்த வீடொன்று அமைந்த அதே சதுக்கத்தில், 1803ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் டாப்ளர் பிறந்தார். அவருடைய முன்னோர் பல தலைமுறைகளாகக் கல்தச்சுத் தொழில் செய்து சிறப்புற்றவர்கள். தந்தையும் அத்தொழிலில் தேர்ந்தவர்.

மரபுப்படி டாப்ளரும் உளியைக் கையிலெடுத்திருக்க வேண்டும். ஆனால், அவர் இளமையிலேயே மெலிந்த உடலினராக இருந்தார். கல்லைச் சுமக்கவும் செதுக்கவும் வேண்டிய வலிமை அவ்வுடலுக்கு இல்லை. மகனை எத்தொழிலில் ஈடுபடுத்துவது எனத் தந்தை கவலையுற்றார். அந்நாளில் சால்ஸ்பர்க்கில் கணிதம் கற்பித்த சைமன் ஸ்டாம்ப்ஃபர் என்னும் ஆசிரியர், அச்சிறுவனின் கணித அறிவை உணர்ந்து, அவனை மேற்படிப்பிற்கு வியன்னாவுக்கு அனுப்புமாறு அறிவுரை கூறினார். ஓர் ஆசிரியரின் அறிவுரை ஒரு வாழ்வின் திசையையே மாற்றியது. 1822இல் டாப்ளர் வியன்னாவின் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் உயர்கணிதம், இயக்கவியல், வானியல் ஆகியவற்றையும் கற்றார்.

வேலை தேடிய ஆண்டுகள்

1829இல் அவர் தாம் பயின்ற கல்லூரியிலேயே ஒரு பேராசிரியருக்கு உதவியாளரானார். அப்பணி நிலையானதன்று. நான்காண்டுகளில் அது முடிவுற்றபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. நிலையான ஆசிரியப் பணியைப் பெறுவதற்குப் பல ஊர்களுக்கு விண்ணப்பித்தார்; போட்டித் தேர்வுகள் எழுதினார்; முடிவுகளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார். இடையில் வயிற்றுப்பாட்டிற்காக ஒரு பருத்தி நூற்பாலையில் கணக்கெழுதும் வேலையையும் செய்தார். உயர்கணிதம் கற்றவர் ஒன்றரை ஆண்டுக் காலம் ஆலையின் வரவுசெலவைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

பிறந்த நாட்டில் தமக்கு இடமில்லை என்னும் எண்ணம் அவருள் வலுத்தது. 1835இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர முடிவு செய்து, தம் உடைமைகளை விற்றுவிட்டு, அமெரிக்கத் தூதரக அலுவலரைக் காண மியூனிக் நகருக்குச் சென்றார். அந்நேரத்தில்தான் பிராக் நகரின் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு ஆசிரியர் பணி கிடைத்தது. பயணத்தைக் கைவிட்டு அவர் பிராக் சென்றார். அடுத்த ஆண்டு மெத்தில்டா என்னும் பெண்ணை மணந்தார். அவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தனர். 1841இல் பிராக் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் முழுநிலைப் பேராசிரியரானார்.

சிற்றவையில் பிறந்த பெருங்கருத்து

1842ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் பிராக்கில் போஹேமிய அறிவியல் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. வந்திருந்தோர் மிகச் சிலரே. அச்சிறிய அவையில் டாப்ளர் ஒரு கட்டுரையைப் படித்தார். இரட்டை விண்மீன்களின் வண்ண ஒளியைப் பற்றியது அக்கட்டுரை.

ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்களை இரட்டை விண்மீன்கள் என்பர். அவற்றுள் சில செந்நிறமாகவும் சில நீலநிறமாகவும் தோன்றுவது ஏன் என்பதே டாப்ளர் எழுப்பிய வினா. அதற்கு விடையாக அவர் முன்வைத்த கருத்து இது: அலைகளை வெளியிடும் பொருளும் அவற்றை உணர்பவரும் ஒன்றையொன்று நெருங்கினால், உணரப்படும் அலைகளின் எண்ணிக்கை மிகும், விலகினால் அவ்வெண்ணிக்கை குறையும்.

ஓர் எளிய எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். குளக்கரையில் ஒருவர் நீண்ட கோலால் வினாடிக்கு ஒருமுறை நீரைத் தட்டுவதாகக் கொள்வோம். அவர் ஓரிடத்தில் நின்று தட்டினால், அலை வளையங்கள் எல்லாத் திசைகளிலும் சம இடைவெளியில் பரவும். அவர் கரையோரமாக நடந்துகொண்டே தட்டினால் நிலைமை மாறும். அவர் செல்லும் திசையில் ஒவ்வொரு வளையமும் முன்னதற்கு அண்மையில் தோன்றுவதால் வளையங்கள் நெருங்கிவிடும். அவருக்குப் பின்புறத்தில் அவை அகன்றுவிடும். முன்னே மிதக்கும் ஓர் இலை மிகுதியான முறையும், பின்னே மிதக்கும் இலை குறைந்த முறையும் அசையும்.

ஒலியும் அலையே. ஒரு வினாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை அதிர்வெண் என்பர். அதன் அலகு ஹெர்ட்ஸ். அதிர்வெண் மிகுந்தால் ஒலி கூர்மையாகவும், குறைந்தால் கனத்தும் கேட்கும். வினாடிக்கு 400 அதிர்வுகளை எழுப்பும் ஊதலுடன் ஒரு வண்டி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் எனின், வண்டி நெருங்கும்போது நடைமேடையில் நிற்பவர் 425 அதிர்வுகளைக் கேட்பார். வண்டி விலகும்போது அவர் கேட்பது ஏறத்தாழ 378 அதிர்வுகளே. வண்டியில் இருப்பவர் செவிக்கு மட்டும் அவ்வெண்ணிக்கை 400 ஆகவே இருக்கும். இவ்வாறு அதிர்வெண் மாறித் தோன்றுவதையே இன்று டாப்ளர் விளைவு என வழங்குகிறோம்.

டாப்ளரின் கருத்து சரியானது. ஆனால், அதனை விளக்க அவர் எடுத்துக்கொண்ட விண்மீன் நிறம் தவறான எடுத்துக்காட்டாக அமைந்தது. ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வது. விண்மீன்களின் வேகமோ பெரும்பாலும் வினாடிக்குச் சில பத்துக் கிலோமீட்டர் அளவினது. அத்துணைச் சிறிய வேகத்தால் ஒரு விண்மீனின் நிறம் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. ஒரு விண்மீன் சிவப்பாகவோ நீலமாகவோ தோன்றுவதற்கு அதன் வெப்பநிலையே முதன்மைக் காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. கருத்தையும் எடுத்துக்காட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் அந்நாளில் சிலரே. எடுத்துக்காட்டின் மேல் எழுந்த ஐயம் கருத்தின் மேலும் படிந்தது. கணித அறிஞர் பெர்னார்ட் போல்ட்சானோ போன்ற சிலரே டாப்ளருக்கு ஆதரவாக நின்றனர்.

தண்டவாளத்தில் ஒரு சோதனை

நெதர்லாந்து நாட்டு இளம் அறிவியலாளர் பாய்ஸ் பாலட்டுக்கு விண்மீன் நிறம் பற்றிய டாப்ளரின் விளக்கத்தில் உடன்பாடில்லை. எனினும், அவர் வெறும் சொல்லால் மறுக்க விரும்பவில்லை. சோதித்துப் பார்க்க முனைந்தார். அக்காலத்தில் மனிதர் அறிந்த மிக விரைவான ஊர்தி தொடர்வண்டியே. உட்ரெக்ட் நகருக்கும் மார்சன் என்னும் ஊருக்கும் இடையே புதிதாக அமைந்த இருப்புப்பாதையில் சோதனை நடத்த அவருக்கு இசைவு கிடைத்தது.

1845ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்த முதல் முயற்சி, கடுங்குளிராலும் பனியாலும் கைகூடவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் மீண்டும் முயன்றார். திறந்த வண்டியில் ஊதுகொம்பு இசைஞர்கள் அமர்ந்து ஒரே சுரத்தை விடாது ஊதினர். இசைப்பயிற்சி மிக்க செவியினர் பாதையோரம் நின்று, வண்டி நெருங்கும்போதும் விலகும்போதும் கேட்ட சுரத்தைக் குறித்துக்கொண்டனர். பின்னர் இசைஞர்கள் தரையில் நின்று ஊத, கேட்போர் வண்டியில் சென்றும் சோதித்தனர். அதிர்வெண்ணை அளக்கும் கருவி அங்கு இல்லை; இசைஞரின் செவியே அளவுகோலாயிற்று. முடிவு ஐயத்திற்கு இடமின்றி அமைந்தது. வண்டி நெருங்கும்போது சுரம் உயர்ந்தது, விலகும்போது தாழ்ந்தது. ஒலியைப் பொறுத்தவரை டாப்ளர் கூறியது உண்மை எனப் பாய்ஸ் பாலட் அறிவித்தார். விண்மீன் நிறம் பற்றிய மறுப்பை மட்டும் அவர் கைவிடவில்லை. இரண்டிலும் அவர் கூறியது சரியே.

நோயும் எதிர்ப்பும்

கருத்து மெய்ப்பிக்கப்பட்டபோது அதனைக் கண்டவர் நலமாக இல்லை. பிராக்கில் அவருடைய பணிச்சுமை பெரிது. நூற்றுக்கணக்கான மாணவரை எழுத்துத் தேர்வாலும் வாய்மொழித் தேர்வாலும் அவரே சோதிக்க வேண்டியிருந்தது. அவருடைய தேர்வுகள் மிகக் கடுமையானவை என மாணவர்கள் முறையிட்டனர். மேலிடம் அவரைக் கண்டித்தது. முன்னரே நலிந்திருந்த அவருடைய உடலை நோய் பற்றியது. நீண்ட விடுப்பிற்குப் பின் 1846இல் அவர் பணிக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு, இன்று ஸ்லோவாக்கியாவில் உள்ள ஷெம்னிட்ஸ் நகரின் சுரங்கவியல் கல்லூரிக்குச் சென்றார். 1848இல் ஐரோப்பாவின் பல பகுதிகளில் எழுந்த கிளர்ச்சி அங்கும் அமைதியைக் குலைத்தது. குடும்பத்துடன் அவர் மீண்டும் இடம்பெயர்ந்தார். 1849இல் வியன்னாவை அடைந்த அவருக்கு, அடுத்த ஆண்டே பெருஞ்சிறப்பு வாய்த்தது. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் புதிதாக நிறுவப்பட்ட இயற்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராகப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அவரை நியமித்தார். அங்கு அவரிடம் பயின்றோருள் கிரிகோர் மெண்டல் என்னும் துறவியும் ஒருவர். பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் அவரே.

எனினும், எதிர்ப்பு ஓயவில்லை. 1852இல் வியன்னாவின் அறிவியல் பேரவையில் கணித அறிஞர் யோசப் பெட்ஸ்வால் டாப்ளரின் கொள்கையைக் கடுமையாகச் சாடினார். ஒளிப்படக் கருவிக்குச் சிறந்த வில்லைகளை வடிவமைத்துப் புகழ்பெற்றவர் பெட்ஸ்வால். சில வரிக் கணக்கில் அடங்கும் இத்துணை எளிய கருத்து இயற்கையின் பெருவிதியாக இருக்கவியலாது என்பது அவர் எண்ணம். அலையின் அதிர்வெண் மாறாது என்பதற்கு அவர் வேறொரு கணித விதியையும் காட்டினார். அவ்விதி தன்னளவில் சரியானதே. ஆனால், அலையை எழுப்பும் பொருளே நகரும் நிலைக்கு அது பொருந்துவதன்று. பெட்ஸ்வாலின் புகழ் அவர் சொல்லுக்கு வலுவூட்டியது. டாப்ளரோ நுரையீரல் நோயால் தளர்ந்திருந்தார்.

அவ்வாண்டு நவம்பரில், வெப்பமான காற்று நலம் தரும் என்னும் நம்பிக்கையுடன் அவர் இத்தாலிய நகரான வெனிசுக்குச் சென்றார். நலம் திரும்பவில்லை. 1853ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், தம் 49ஆம் வயதில் அவர் மறைந்தார். தம் கொள்கை வென்றதா தோற்றதா என்பது முழுமையாகத் தெளியும் முன்னரே அவர் வாழ்க்கை முடிந்தது.

மறைவுக்குப் பின்

அவர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1860இல் எர்ன்ஸ்ட் மாக் என்னும் இளம் இயற்பியலாளர் ஊதல் பொருத்திய குழாயைச் சுழலச் செய்து டாப்ளர் விளைவை ஆய்வறையிலேயே மெய்ப்பித்தார். பெட்ஸ்வாலின் விதியும் டாப்ளரின் கொள்கையும் வெவ்வேறு நிலைகளைக் குறிப்பன என்பதையும் அவர் விளக்கினார். 1868இல் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹகின்ஸ், சிரியஸ் விண்மீனின் ஒளியை நிறப்பிரிகை செய்து, அதிலுள்ள கோடுகளின் சிறு நகர்வைக் கொண்டு அதன் வேகத்தைக் கணக்கிட முயன்றார். விண்மீனின் நிறத்தைக் காட்டவியலாத கொள்கை, விண்மீனின் வேகத்தை அளக்கும் கருவியாயிற்று.

ஆயினும், இக்கொள்கை மனித உடலுக்குள்ளும் நுழையும் என 19ஆம் நூற்றாண்டில் எவரும் எண்ணியிருக்க இயலாது.

உடலுக்குள் ஒரு பயணம்

மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கேட்கும். அதனினும் மிக்க அதிர்வெண் கொண்ட ஒலி மீயொலி எனப்படும். 1953இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்சும் மீயொலியைச் செலுத்தி இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். அவர்கள் முதலில் இரவல் பெற்றுப் பயன்படுத்தியது, கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் விரிசலைக் கண்டறிய உதவிய கருவியே. அதே காலத்தில் ஜப்பானின் ஒசாகா நகரில் ஷிகியோ சாதோமுரா என்னும் அறிவியலாளர், மீயொலியோடு டாப்ளர் விளைவையும் இணைத்து இதயத்தின் இயக்கத்தை ஆராய்ந்தார். பின்னர் இரத்த ஓட்டத்தையும் அம்முறையால் ஆராய்ந்தார்.

அம்முறை செயற்படும் விதம் எளிது. மருத்துவர் தோலின் மேல் வைக்கும் சிறு கருவி மீயொலியை உள்ளே செலுத்துகிறது. இரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்களின் மேல் பட்டு அவ்வொலி திரும்புகிறது. கருவியை நோக்கி வரும் அணுக்களிலிருந்து திரும்பும் ஒலியின் அதிர்வெண் மிகுந்திருக்கும். விலகிச் செல்லும் அணுக்களிலிருந்து திரும்புவது குறைந்திருக்கும். தொடர்வண்டியின் இடத்தில் இங்குச் சிவப்பணு ஓடுகிறது; நடைமேடையில் நின்று கேட்பவரின் இடத்தில் கருவி இருக்கிறது. கருவி 50 இலட்சம் ஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்துவதாகவும், இரத்தம் வினாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவதாகவும், ஒலிக்கற்றை 60 பாகைச் சாய்வில் பாய்வதாகவும் கொண்டால், அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றம் ஏறத்தாழ 1600 ஹெர்ட்ஸ். அது நம் செவிக்கு எட்டும் அளவே. ஆகவேதான் அச்சோதனையின்போது இரத்த ஓட்டத்தைச் சீரான இரைச்சலாகக் கேட்க முடிகிறது.

வேகத்தை மட்டும் அறிந்தால் போதாது. ஓடும் இரத்தத்தின் அளவை அறியக் குழாயின் விட்டமும் தெரிய வேண்டும். வாய்க்காலில் நீர் எவ்வளவு பாய்கிறது என்பது நீரின் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் பொறுத்தது. விட்டத்தை அளக்கவும் மீயொலியே உதவுகிறது. குழாயின் அருகுச் சுவரிலிருந்து ஓர் எதிரொலியும் தொலைவுச் சுவரிலிருந்து மற்றோர் எதிரொலியும் திரும்புகின்றன. உடல் திசுவில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்லும். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில், இரு எதிரொலிகளுக்கும் இடைப்பட்ட நேரம் ஒரு வினாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஏறத்தாழ ஐந்து கூறே. அந்நேரத்தை அளந்து கருவி விட்டத்தைக் காட்டுகிறது.

இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வாயிலின் விட்டம் 2 சென்டிமீட்டர் என்க. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஒரு துடிப்பில் இரத்தம் அவ்வழியே 20 சென்டிமீட்டர் முன்னேறுகிறது எனின், அத்துடிப்பில் வெளியேறும் இரத்தம் ஏறத்தாழ 63 மில்லிலிட்டர். இங்கு அளப்பவரின் கை மிகக் கவனமாக இருத்தல் வேண்டும். 2 சென்டிமீட்டரை 2.2 எனத் தவறாக அளந்தால், விடை 76 மில்லிலிட்டர் ஆகிவிடும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்த பிழை, விடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. பரப்பைக் காண விட்டத்தை இருமுறை பெருக்குவதே அதற்குக் காரணம். நலிந்த இதயம் நலமுள்ளதாகத் தோன்றிவிடக்கூடும்.

விட்டத்தின் மாற்றமே சில ஆய்வுகளில் முதன்மைச் சான்றாகிறது. 1992இல் இலண்டன் மருத்துவர்கள் அத்தகைய ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரத்த அழுத்தம் பார்க்கும்போது கட்டுவது போன்ற பட்டையைக் கையில் கட்டி, ஏறத்தாழ ஐந்து நிமிடம் இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் பின் தளர்த்தினர். அப்போது இரத்தம் விரைந்து பாய்கிறது. நலமுள்ள தமனி அதனை உணர்ந்து தானாகவே சற்று விரிகிறது. 4 மில்லிமீட்டர் விட்டம் 4.3 மில்லிமீட்டர் ஆவது போன்ற சிறு விரிவே அது. புகைபிடிப்போரிடமும், பிறவியிலேயே இரத்தத்தில் கொழுப்பு மிகுந்த சிறுவரிடமும் அவ்விரிவு குறைந்திருந்தது. நெஞ்சுவலி தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே தமனி தன் நலிவைக் காட்டிவிடுகிறது என்பதை இதனால் அறிந்தனர். ஊசியும் வலியும் இல்லாத முறையாதலால் சிறுவரையும் அஞ்சாமல் சோதிக்க இயன்றது.

நிறைவுரை

உளி பிடிக்க வலுவற்ற கைகள் என ஒதுக்கப்பட்ட டாப்ளர், காலத்தால் அழியாத ஒன்றைச் செதுக்கிச் சென்றார். அவர் எடுத்துக்காட்டில் பிழை இருந்தது. அடிப்படையில் உண்மை இருந்தது. மறுக்க வந்தவரின் சோதனையே அவ்வுண்மைக்கு முதற்சான்றானது. பிழையைப் பிழையென்றும் உண்மையை உண்மையென்றும் பிரித்துக் கூறிய நேர்மையாளர்கள் அவருக்குப் பின் வந்தமையால்தான், அக்கொள்கை பயனுற்றது. நோயால் நாற்பத்தொன்பது வயதில் மறைந்த ஒருவரின் சிந்தனை, இன்று உலகெங்கும் நோயுற்றோரின் இதயத்தைக் காக்கத் துணை நிற்கிறது. அடுத்த முறை நடைமேடையில் ஊதலொலி தாழ்வதைக் கேட்கும்போது, அவரை நினைத்துக்கொள்வோம்.

சொற்பொருள்

கல்தச்சர் – கல்லைச் செதுக்கும் தொழிலாளர்
அதிர்வெண் – ஒரு வினாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை
மீயொலி – மனிதச் செவிக்கு எட்டாத மிகை அதிர்வெண் ஒலி
தமனி – இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்
விட்டம் – வட்டத்தின் நடுவே செல்லும் குறுக்களவு
இசைவு – ஒப்புதல்
சாடினார் – கடிந்து பேசினார்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. மீயொலி  2. எதிரொலி  3. சிவப்பணு  4. நுரையீரல்

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. டாப்ளர் பிறந்த நகரம் __________.
2. தொடர்வண்டிச் சோதனையை நடத்தியவர் __________.
3. வியன்னாவில் டாப்ளரிடம் பயின்ற துறவி __________.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. டாப்ளர் தம் குடும்பத் தொழிலை மேற்கொள்ளாதது ஏன்?
2. அவர் அமெரிக்கப் பயணத்தைக் கைவிட்டது எதனால்?
3. இரத்தத்தின் அளவை அறிய வேகத்தோடு வேறு எதனை அளக்க வேண்டும்?

ஈ. ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.
1. டாப்ளரின் கொள்கையில் உண்மை எது, பிழை எது? விளக்குக.
2. பாய்ஸ் பாலட், பெட்ஸ்வால் ஆகிய இருவரும் டாப்ளரை எதிர்த்த முறையில் உள்ள வேறுபாட்டை எழுதுக.

உ. செய்து பார்க்க.
இரத்தக் குழாய் ஒன்றின் விட்டம் இருமடங்கானால், அதன் குறுக்குவெட்டுப் பரப்பு எத்தனை மடங்காகும்? தாளில் இரு வட்டங்கள் வரைந்து கணக்கிட்டு, உங்கள் விடையைத் தமிழில் விளக்கி எழுதுக.